வீட்டுக்குள் நடக்கும் விபத்துகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கொதிக்கும் சாம்பார் குழந்தையின் கையில் கொட்டிவிட்டால் என்ன செய்வது? மாமியார் இட்லி மாவு பூசச் சொல்கிறார்.

பதில்: மாவு வேண்டாம். பேனா மை, பற்பசையும் வேண்டாம். கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. வீக்கம் வருவதற்குள் வளையலைக் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாவு பூசியிருந்தால் அதைக் கழுவி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழமே தெரியும். அந்த வலியையும் குழந்தைதான் தாங்க வேண்டும்.

கேள்வி: பொம்மையிலுள்ள வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், மலத்தோடு வரட்டும் என்று காத்திருக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள்.

கேள்வி: அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. அப்படியும் கடன் ஏறிவிட்டதே?

பதில்: பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். அட்டை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியைத் தராது. வேலையை விடுவது அநேகமாக மகளோ மருமகளோதான். அப்புறம் ஆட்டோ, டயப்பர், வாக்கர், பிசியோதெரபி. வேலையை விட்ட அந்தப் பெண் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கியிருந்தால், கட்ட முடியாத தவணை மற்ற பெண்களின் தலையில் விழுகிறது. ஒரு வீட்டுக் குளியலறையின் ஈரத்துக்கு ஒரு தெருவே பணம் கட்டுகிறது. இந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் வீட்டிலும் வெளியிலுமாகக் கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். இறக்காமல் படுக்கையில் கிடப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஊராட்சிக் கூட்டங்களில் சாலை விபத்தைப் பேசுவதுபோல இதையும் பேச வேண்டும்.

கேள்வி: வாடகை வீடு. வீட்டுப் பெரியவருக்காகக் குளியலறையில் கைப்பிடி மாட்டச் சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

பதில்: செலவு சில நூறு ரூபாய்தான், அதை நீங்களே ஏற்பதாகச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள். அதுவரை, கால் அகலமான, ஆடாத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். குளித்து முடித்ததும் தரையைத் துடைத்துவிடுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுக்கச் சின்ன விளக்கு எரியட்டும். தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். விழுந்தால் கதவை உடைக்கவே நேரம் போய்விடும்.