சேர்வரில் திறந்த ஜன்னல் இங்கே வருவதில்லையே?

பல்கலைக்கழகச் சேர்வருக்கு எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் போய் மட்லாப் என்ற கணிப்பு மென்பொருளைத் திறந்தால், டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்கிறது. நண்பர் சொன்னபடி, ஜன்னலை எந்தத் திரையில் காட்டுவது என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியில் ':0' என்று போட்டும் சரிவரவில்லை. (மாணவி, கொக்குவில்)

முதலில் அந்த ':0' ஐ எடுத்துவிடுங்கள், தங்கச்சி. அது சேர்வரோடு பொருத்திய திரையைக் குறிக்கிறது, கொக்குவிலில் உங்கள் மேசையில் இருக்கும் திரையை அல்ல. இந்த மாறியை நாம் கையால் தொடவே தேவையில்லை. எஸ்எஸ்எச் தானே போட்டுவிடும்.

வெளியேறி, 'எஸ்எஸ்எச் -எக்ஸ்' என்று திரும்ப உள்ளே போங்கள். பெரிய எழுத்து எக்ஸ் முக்கியம். சின்ன எக்ஸ் போட்டால், சேர்வரில் திறக்கும் ஜன்னலை உங்கள் திரைக்கு அனுப்பும் எக்ஸ்11 ஃபார்வர்டிங் வசதியே நின்றுவிடும். பிறகு டிஸ்ப்ளேயின் மதிப்பைப் பாருங்கள். 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' போல ஒன்று வந்தால் பாதை திறந்திருக்கிறது. வேறு யாரும் ஏற்கெனவே உள்ளே இருந்தால் 11, 12 என்றும் வரும். பயப்பட ஒன்றுமில்லை.

வெறுமையாக இருந்து, நுழையும்போதே 'சேனல் 0' இல் கோரிக்கை தோற்றதாக ஒரு வரி வந்தால் கோளாறு சேர்வர் பக்கம். எஸ்எஸ்எச்டி (சேர்வர் பக்கத்து எஸ்எஸ்எச் சேவை) அமைப்புக் கோப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் 'யெஸ்' ஆக இருக்கிறதா, திரைக்கான அனுமதித் திறப்பைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற நிரல் நிறுவியிருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். மிகச் சிறிதாக நிறுவிய சேர்வர்களில் எக்ஸ்ஆத் பெரும்பாலும் இருக்காது. இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) ஐ நிறுத்திவைத்த சேர்வராக இருக்கலாம்; அதே கோப்பில் அட்ரஸ்ஃபேமிலியை 'ஐநெட்' ஆக்கி, எஸ்எஸ்எச் சேவையை மீளத் தொடங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மாணவர் கணக்குகளில் இட ஒதுக்கீடு நிரம்பிவிட்டால் எக்ஸ்ஆத் தன் கோப்பை எழுத முடியாமல் திணறும். பழைய கோப்புகளை அழித்துவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

வின்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் நிரல் பாவிக்கிறேன். எக்ஸ்11 பெட்டியில் சரி போட்டும் ஒன்றும் வரவில்லை. (சாவகச்சேரி)

சரி போட்டால் போதாது. படத்தை வரைகிற எக்ஸ் சேர்வர் உங்கள் லப்டொப்பில்தான் ஓடவேண்டும். வின்டோஸில் அது கிடையாது. விசிஎக்ஸ்சேர்வ் என்ற எக்ஸ் சேர்வரை நிறுவி, அதைத் தொடக்கிவிட்டுப் பிறகு புட்டியில் நுழையுங்கள். புட்டிக்குப் பதிலாக மோபாஎக்ஸ்டேர்ம் பாவித்தால் எக்ஸ் சேர்வர் அதன் உள்ளேயே இருக்கிறது.

சாதாரணப் பயனராக ஜீபார்ட்டட் (டிஸ்க்கைப் பிரிக்கும் நிரல்) ஜன்னல் வருகிறது. ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) மாறினால் அனுமதி இல்லை என்கிறது. (நல்லூர்)

எக்ஸ்ஆத் வைத்திருக்கும் அனுமதித் திறப்பு உங்கள் பயனர் கணக்கில் கிடக்கிறது, ரூட்டிடம் இல்லை. மாறுவதற்கு முன் 'எக்ஸ்ஆத் லிஸ்ட்' கொடுத்து, உங்கள் டிஸ்ப்ளே எண்ணுள்ள வரியைப் பிரதி எடுங்கள். ரூட்டாகி 'எக்ஸ்ஆத் ஆட்' என்பதற்குப் பின்னால் அதை ஒட்டுங்கள். டிஸ்ப்ளே மாறி அழிந்திருந்தால் மட்டும் பழைய மதிப்பையே திரும்பக் கொடுங்கள்; கையால் போடலாம் என்று நான் விடுகிற ஒரே இடம் இது. 'எக்ஸ்ஹோஸ்ட் +' போடச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். அது திரையை எல்லாருக்கும் திறந்துவிடுகிற வேலை.

டொரன்டோவில் அண்ணாவின் சேர்வர். ஜன்னல் வருகிறது, ஆனால் மெனு திறக்கவே யுகமாகிறது. (பருத்தித்துறை)

ஜன்னல்களை வரையும் எக்ஸ் முறை ஒவ்வொரு சின்ன விசயத்துக்கும் கேட்டுப் பதில் வாங்கும். கனடா போய்த் திரும்பும் நேரம் ஒவ்வொன்றிலும் சேர்கிறது. எஸ்எஸ்எச்சில் '-சி' (பெரிய எழுத்து) போட்டுச் சுருக்கினால் டேட்டா குறையும், தூரம் குறையாது. எக்ஸ்ப்ரா என்ற நிரலைப் பாவியுங்கள். நிரல் சேர்வரிலேயே ஓடும், படம் மட்டும் உங்களுக்கு வரும். நடுவில் கரண்ட் போனாலும், வந்தபிறகு திரும்ப இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.