வட்டி குறையட்டும் என்று காத்திருக்கலாமா? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

நானும் கணவரும் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் மசாலா அரைத்து விற்கிறோம். கம்பெனியாகப் பதிந்திருக்கிறோம், வாட் பதிவும் உண்டு. இதுவரை டர்பனைச் சுற்றியுள்ள சின்னக் கடைகளோடு ரொக்க வியாபாரம்தான். எங்கள் சம்பளம் போக ஆண்டுக்கு 3 லட்சம் ராண்ட் லாபம் நிற்கிறது.

இப்போது ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் மாதம் 3 லட்சம் ராண்ட்டுக்கு (வாட் தவிர) சரக்கு கேட்கிறது. பணம் ஸ்டேட்மெண்ட் (மாதக் கடைசியில் போடும் பாக்கிக் கணக்கு) தேதியிலிருந்து 60 நாளில் வரும். விற்கும் விலையில் மூலப்பொருளும் பாக்கெட்டும் 60 சதவீதம். கூலி, கரண்ட், வண்டி எல்லாம் 20 சதவீதம். மிளகாய், மஞ்சள் தரும் இறக்குமதியாளருக்கு 7 நாளில் பணம் கட்டியாக வேண்டும். மிஷின்களுக்கு 3.5 லட்சம், சரக்குக்கு 5.5 லட்சம், ஆக 9 லட்சம் தேவை என்று கணக்குப் போட்டிருக்கிறோம். வங்கி 5 ஆண்டுக் கடன், பிரைமுக்கு (வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டிக்கு) மேல் 3 சதவீதம் என்கிறது.

வட்டி இன்னும் அரை சதவீதம் குறையும் என்று நிபுணர்கள் கணிப்பதாகப் பத்திரிகையில் படித்தோம். காத்திருக்கலாமா? லண்டனில் பிறந்து வளர்ந்த என் அத்தை மகன் 5 லட்சம் தருகிறேன், 40 சதவீதப் பங்கு கொடு என்கிறார். வட்டியில்லாப் பணம்தானே, வாங்கிக்கொள்வோம் என்கிறார் கணவர்.

ம., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அரை சதவீதத்தைப் பணமாக்கிப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டிதான் ரெப்போ; அதோடு 3.5 சேர்த்தால் பிரைம். 2025 நவம்பரில் ரெப்போ 6.75 ஆனது, பிரைம் 10.25. அந்தக் கணக்கில் உங்கள் வட்டி 13.25. 9 லட்சத்தை 60 மாதத்தில் அடைத்தால் தவணை ஏறக்குறைய 20,590 ராண்ட். 12.75 ஆகக் குறைந்தால் 20,360. மாதம் 230 ராண்ட் மிச்சம். அதுவும் காத்திருந்தால்தான் கிடைக்கும் என்பதில்லை. பிரைமோடு ஓடும் கடன் பிரைம் இறங்கினால் தானும் இறங்கும். இன்று வாங்கினாலும் நாளைய குறைப்பு உங்களுக்கு வரும். காத்திருப்பதில் அர்த்தம் இருப்பது நிலையான வட்டிக்கு வாங்குகிறவருக்கு மட்டும்.

கணிப்பை நம்பாதே என்று நான் சொல்ல வரவில்லை. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் தவறு நடக்கிறது. ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. எண்ணெய் விலை, ராண்ட் மதிப்பு, மின்கட்டணம் இவை இப்படி இருந்தால் பணவீக்கம் இப்படிப் போகும் என்று மாடல் ஒரு பாதை போடும். அந்த அனுமானங்களில் ஒன்று பிசகினால் பாதையும் மாறும். அதனால்தான் வங்கி தன் கணிப்பை விசிறி மாதிரி விரியும் படமாக வெளியிடுகிறது. பத்திரிகைக்காரர் விசிறியின் நடுக்கோட்டை மட்டும் எடுத்துத் தலைப்புப் போட்டுவிடுகிறார்.

2020 ஜூலையில் பிரைம் 7 சதவீதம். அன்று கடன் வாங்கியவரிடம், மூன்றே ஆண்டில் 11.75 கட்டுவீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் 2021 நவம்பரில் ஏறத் தொடங்கியது. 2022 ஜூலையில் பணவீக்கம் 7.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 மே மாதம் ரெப்போ 8.25க்குப் போய் நின்றது. 4.75 சதவீத ஏற்றம். அதே ஏற்றம் மறுபடி வந்தால் உங்கள் 13.25 சதவீதம் 18 ஆகும், தவணை 22,850 ஆகும். மாதம் 2,260 கூடுதலாகக் கட்டியும் கடை நடக்குமா? நடக்கும் என்றால் வட்டிக் கணிப்பை மறந்துவிடலாம். உங்கள் ஆர்டரில் மாதம் 60,000 மிஞ்சுகிறது, அதனால் நடக்கும்.

வட்டியைவிட ராண்ட் உங்களை அதிகம் ஆட்டும். மிளகாய் வற்றல், மஞ்சள் எல்லாம் டாலர் விலை. விற்பனையில் 40 சதவீதம் இறக்குமதிச் சரக்கு என்று வைத்துக்கொண்டால், ராண்ட் 10 சதவீதம் சரிந்தால் மாதம் 12,000 போகும். சூப்பர்மார்க்கெட் ஒப்பந்தத்தில் விலையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்தலாம் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதற்காகச் சண்டை போடுங்கள். இறக்குமதியாளரிடமும் மூன்று மாத நிலை விலை கேளுங்கள். இந்த இரண்டு பேச்சுவார்த்தையும் சேர்ந்தால் எந்த வட்டிக் குறைப்பையும்விடப் பெரிய லாபம்.

இனி என்னைக் கவலைப்பட வைத்த எண்ணுக்கு வருகிறேன்: சரக்குக்கு 5.5 லட்சம். இதை எப்படிப் போட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இரண்டு மாதச் செலவு, கொஞ்சம் கூட்டி வைத்தது என்று ஊகிக்கிறேன். 60 நாள் கடன் என்றால் 60 நாளில் பணம் வரும் என்று நினைப்பதுதான் எல்லோரும் வழுக்கி விழும் இடம்.

ஒரு மூட்டை மிளகாயைப் பின்தொடர்ந்து போவோம். கிடங்கில் 20 நாள். அரைத்து, பாக்கெட் போட்டு, அவர்கள் கிடங்கில் இறக்கிக் கையெழுத்து வாங்க 10 நாள். மாதம் முழுக்க விட்டுவிட்டு அனுப்புவதால், ஸ்டேட்மெண்ட் போடும் மாதக் கடைசிக்கு சராசரி 15 நாள். அதற்கு மேல் 60. மொத்தம் 105 நாள். இறக்குமதியாளர் தரும் 7 நாளைக் கழித்தால் 98. மூலப்பொருளுக்கு மாதம் 1.8 லட்சம் என்றால் 98 நாளில் 5.88 லட்சம் மாட்டிக்கொள்கிறது. கூலி, கரண்ட் மாதம் 60,000. அது ஏறக்குறைய 80 நாள் நிற்கும், அதாவது 1.6 லட்சம். ஆக 7.5 லட்சம். உங்களிடம் இருக்கப்போவது 5.5. மாதம் 230 ராண்ட்டுக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். துண்டு விழுவதோ 2 லட்சம்.

இதில் வாட் வேறு. பருப்புக்கு வாட் பூஜ்யம், அதைச் சமைக்கும் மசாலாவுக்கு 15 சதவீதம், விதி அப்படி. ஜனவரி-பிப்ரவரி என்று இரண்டு மாதக் கணக்கு காட்டுகிறீர்கள் என்றால், வரித்துறையின் ஈ-ஃபைலிங்கில் மார்ச் கடைசி வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். ஜனவரி ஸ்டேட்மெண்ட் 31ஆம் தேதி. 60 நாள் எண்ணினால் ஏப்ரல் 1. சூப்பர்மார்க்கெட் சொன்ன தேதிக்கே பணம் போட்டாலும், நீங்கள் ஜனவரி விற்பனைக்கான வாட்டை முந்தைய நாளே கட்டியிருப்பீர்கள். பிப்ரவரி விற்பனைக்கோ ஒரு மாதம் முன்னதாக. கம்பெனி என்பதால் பணம் வந்த பிறகு வாட் கட்டும் முறை உங்களுக்குக் கிடைக்காது. பில் போட்ட தேதிதான் கணக்கு. வாங்கியதில் கட்டிய வாட்டைக் கழித்த பிறகும் இரண்டு மாதத்துக்குச் சுமார் 36,000 வரும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மிஷின்களின் 3.5 லட்சம் வாட் சேர்த்த விலை என்றால், அதற்குள் 45,650 வாட். தவணை முறையில் வாங்கினாலும், செல்லுபடியாகும் வரி பில் இருந்தால், முழு வாட்டையும் அந்தக் கணக்கிலேயே கழிக்கலாம். முதல் டெலிவரிகள் விழும் அதே இரண்டு மாதத்துக்குள் மிஷினை வாங்குங்கள். முதல் வாட் கட்டணம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும்.

வங்கி காட்டிய ஒரே 5 ஆண்டுக் கடனை நான் இரண்டாகப் பிரிப்பேன். மிஷினுக்குத் தவணைக் கடன். மிஷினே ஈடு, மாதம் 8,000 அளவில் முடியும். சரக்குக்கு ஓவர்டிராஃப்ட் அல்லது எடுத்து எடுத்துக் கட்டும் சுழல் கடன். எடுத்த நாளுக்குத்தான் வட்டி. சரக்குப் பணத்தை 5 ஆண்டுக் கடனில் வாங்கினால், பணம் கையில் சும்மா இருக்கும் நாளுக்கும் வட்டி ஓடும்; தவணை முதலைத் தின்னத் தின்ன, சரக்குக்கு மறுபடி பணம் போதாது. ஓவர்டிராஃப்டிலும் ஒரு முள் உண்டு. வங்கி கேட்டவுடன் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அது. அதை நம்பி மிஷின் வாங்கக் கூடாது.

மீதித் துண்டுக்கு இன்வாய்ஸ் டிஸ்கவுண்டிங் கேட்டுப் பாருங்கள். பில் தொகையில் 70, 80 சதவீதம் முன்பணம் கிடைக்கும். ஆனால் முதலில் இரண்டு காகிதத்தைப் படியுங்கள். சூப்பர்மார்க்கெட் ஒப்பந்தத்தில் பணம் பெறும் உரிமையை மூன்றாம் ஆளுக்கு மாற்றக் கூடாது என்ற விதி இருக்கலாம். உங்கள் வங்கியும் ஓவர்டிராஃப்டுக்கு ஈடாக வரவேண்டிய பாக்கி அத்தனையையும் எழுதி வாங்கியிருக்கலாம். இரண்டில் ஒன்று இருந்தாலும் வழி அடைபட்டது. விளம்பரப் பங்கு, கழிவு, திரும்பி வந்த பாக்கெட் என்று கடைக்காரர் ஸ்டேட்மெண்டிலேயே பிடித்துக்கொள்வதையும் கழித்துவிட்டுத்தான் முன்பணத்தைக் கணக்கிட வேண்டும்.

30 நாள் முன்னதாகத் தருகிறோம், 2.5 சதவீதம் தள்ளுபடி கொடுங்கள் என்று சூப்பர்மார்க்கெட் சொன்னால் அவசரப்படாதீர்கள். 3.45 லட்சம் பில்லில் அது 8,625 ராண்ட். அதே 30 நாளுக்கு வங்கி வட்டி ஏறக்குறைய 3,800. கார்டு மிஷின் வசூலிலிருந்து தினமும் பிடித்துக்கொள்ளும் முன்பணத்தை இன்னும் எச்சரிக்கையாகப் பாருங்கள். 1 லட்சம் வாங்கி ஆறு மாதத்தில் 1.25 லட்சம் என்றால் 25 சதவீதம் போலத் தெரியும். பாக்கி தினமும் குறைந்துகொண்டே வருவதால் உண்மை வட்டி ஆண்டுக்கு 80 சதவீதத்தைத் தாண்டும்.

உங்கள் அத்தை மகன் பணம். 40 சதவீதத்துக்கு 5 லட்சம் என்றால், அவர் போட்ட பணத்தையும் சேர்த்து முழுக் கம்பெனியின் விலை 12.5 லட்சம். அவர் வருவதற்கு முன் உங்கள் மில்லுக்கு அவர் போட்ட விலை 7.5 லட்சம், அதாவது இரண்டரை ஆண்டு லாபம். இன்றைய 3 லட்சம் லாபத்திலேயே அவர் பங்கு 1.2 லட்சம், போட்ட பணத்துக்கு 24 சதவீதம். புது ஆர்டர் வந்தால் அதற்கும் மேல். வங்கிக் கடன் ஐந்தாண்டில் முடியும், இது முடியாது. வங்கி வட்டியைச் செலவாக எழுதலாம். 27 சதவீதக் கம்பெனி வரியில் 13.25 என்பது வரிக்குப் பின் 9.7 அளவுக்கு இறங்கும். டிவிடெண்டோ வரி கட்டிய பிறகு மிஞ்சியதிலிருந்து போகிறது. வட்டியில்லாப் பணம் என்று உங்கள் கணவர் சொல்வது, வட்டிக்கு வேறு பெயர் வைத்திருக்கிறது என்பதால்தான்.

சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். 25க்கு மேல் வைத்திருப்பவர் தனியாளாக அதைத் தடுக்கலாம். 40 வைத்திருப்பவர் தடுப்பார் என்று சொல்லவில்லை. தடுக்க முடியும் என்ற எண்ணமே குடும்பத்தில் பேச்சை மாற்றிவிடும்.

பிஇஇ (கறுப்பினத்தவருக்குப் பொருளாதார வாய்ப்பு தரும் சட்டம்) கணக்கிலும் இடிக்கும். ஆண்டு விற்பனை 1 கோடி ராண்ட்டுக்குள் இருக்கும் வரை உங்களுக்கு ஒரு பிரமாணப் பத்திரம் போதும். இங்கே பிறப்பாலோ பெற்றோர் வழியாலோ குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் அந்தச் சட்டத்தில் கறுப்பினத்தவராகவே கணக்கிடப்படுகிறார்கள். நீங்கள் இருவரும் அப்படிப்பட்ட குடிமக்கள் என்றால் முழு உரிமையோடு முதல் நிலை. லண்டன்காரருக்கு 40 போனால் இரண்டாம் நிலை. சூப்பர்மார்க்கெட்டின் கொள்முதல் பிரிவு இதைக் கவனிக்கும்.

அவர் பணம் வேண்டாம் என்பதல்ல. முன்னுரிமைப் பங்காக, குறிப்பிட்ட டிவிடெண்டோடு, ஐந்தாவது ஆண்டில் திருப்பி வாங்கிக்கொள்ளும் உரிமையோடு கேட்டுப் பாருங்கள். அல்லது சாதாரணப் பங்கை 20 சதவீதத்தோடு நிறுத்துங்கள். எதுவானாலும் பணம் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரட்டும். பங்குச் சான்றிதழில் வெளிநாட்டில் வசிப்பவர் என்ற முத்திரையை வங்கியில் குத்தி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நாளைக்கு அவருக்கு டிவிடெண்ட் அனுப்பும்போது வங்கி நிறுத்திவிடும். உண்மை உரிமையாளர் விவரத்தையும் கம்பெனிப் பதிவு அலுவலகமான சிஐபிசியில் புதுப்பிக்க வேண்டும்.

பணம் போதவில்லை என்று தெரிந்தவர்களிடம் ஆளுக்கு 50,000 வாங்கி மாத வட்டி தரலாம் என்ற யோசனை நம்மவர் கூடும் இடத்தில் எப்படியும் வரும். பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குவதை வங்கிகள் சட்டம் தடுக்கிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அரசு வழி வேண்டுமென்றால் சிறுதொழில்களுக்குக் கடனும் உதவியும் தரும் அரசு நிறுவனமான செட்ஃபா இருக்கிறது. முன்பு தனித்தனியாக இருந்த சேஃபா, சேடா முதலிய அரசு நிறுவனங்களை 2024 அக்டோபரில் ஒன்றாக்கியதில் உருவானது அது. கையில் ஆர்டர் கடிதம் இருப்பது அங்கே பெரிய பலம். விண்ணப்பித்துவிட்டு, அது வராது என்ற கணக்கில் மற்றதை நடத்துங்கள்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது 6 முதல் 12 மாத வங்கி ஸ்டேட்மெண்ட். கடைகளில் வசூலித்த ரொக்கத்தைக் கல்லாவிலிருந்தே சரக்குக்குக் கொடுத்துவிட்டால், வங்கி பார்வையில் அந்த விற்பனை நடக்கவேயில்லை. இன்றிலிருந்து வசூல் முழுவதையும் கணக்கில் போட்டு, செலவைக் கணக்கிலிருந்தே செய்யுங்கள். ரொக்கம் கட்டக் கொஞ்சம் கட்டணம் போகும், பரவாயில்லை. காப்பீட்டில் சாஸ்ரியா (கலவரச் சேதத்துக்கான அரசுக் காப்பீடு) சேர்ந்திருக்கிறதா என்றும், சரக்குக்கு மட்டுமா, வியாபாரம் நின்ற நாட்களுக்கும் உண்டா என்றும் பாருங்கள். 2021 ஜூலைக் கலவரம் எந்தக் கணிப்பாளர் படத்திலும் இல்லை.

கடைசியாக ஜாமீன் கையெழுத்து. கம்பெனிக் கடனுக்கு உங்கள் இருவரிடமும் சொந்த ஜாமீன் கேட்பார்கள். தொகைக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள்; வெறுமனே ‘எல்லாக் கடனுக்கும்’ என்று இருந்தால் நாளைய ஓவர்டிராஃப்டும் அதில் அடங்கும். முதலில் கம்பெனியிடம் கேள் என்று சொல்லும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுப்பதாக நடுவில் ஒரு பத்தி இருக்கும். அதை நீக்கச் சொன்னால் வங்கி பெரும்பாலும் சம்மதிக்காது. இருந்தாலும் தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். கடன் தீர்ந்ததும் ஜாமீன் தானாக ரத்தாகும் என்று நினைத்துவிடாதீர்கள். தொடர் ஜாமீன் என்றால் கடன் முடிந்தும் நிற்கும். கடைசித் தவணை கட்டிய வாரமே, விடுவித்தோம் என்ற கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.