டாக்கோன் பலகையின் முன்

அன்புள்ள ஐயா,
அடுத்த மாதம் குடும்பத்துடன் ஜாவா செல்கிறோம். அங்குள்ள குழந்தைகளோடு பழக வேண்டுமென்று என் மகள் ஆசைப்படுகிறாள். எங்களுக்கோ அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. எந்த மொழிபெயர்ப்புச் செயலி நல்லது? குழந்தைகளுக்குக் கொடுக்க இரண்டு கிலோ சாக்லேட் வாங்கியிருக்கிறோம், போதுமா?
ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

செயலி எதுவாயினும் சரி, வழி கேட்கவும் சோறு வாங்கவும் உதவும். சாக்லேட்டை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அவிநாசிக் கோயில் வாசலில் முன்பின் தெரியாத வெளிநாட்டார் ஒருவர் உங்கள் மகளின் கையில் மிட்டாயைத் திணித்து, தோளில் கைபோட்டுப் படமும் எடுத்துக்கொண்டால், அன்பான மனிதர் என்று மெச்சுவீர்களா, சட்டையைப் பிடிப்பீர்களா? கம்போடியாவின் அங்கோர் கோயில்களில், பள்ளி நேரத்தில் அஞ்சலட்டை விற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரக்கப்பட்டு வாங்குகிறவர்கள் வந்துகொண்டே இருக்கும்வரை, ஏழை வீட்டுக்குப் பள்ளியைவிடக் கோயில் வாசலே லாபம். உங்கள் சாக்லேட்டும் அந்த இரக்கத்தின் வகைதான்.

2016இல் ஜாவாவில், வெள்ளி வேலைக்குப் பேர்போன கோத்தாகெடேயில், யோக்யகர்த்தாவை ஒட்டிய பழைய ஊர் அது, ஒரு சந்தில் மழைக்கு ஒதுங்கினேன். திண்ணையில் ஒரு சிறுமி பாட்டியோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். அங்கே அதன் பெயர் டாக்கோன். பக்கத்துக்கு ஏழு குழி என்பதுவரை நம்முடையதேதான். இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி கூடுதல். நான் பார்ப்பதைக் கண்டு பாட்டி எழுந்து இடம் விட்டார். அவர் விட்டதால்தான் உட்கார்ந்தேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைவிதை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளுவது என் அம்மா சொல்லித்தந்த முறை. அள்ளினேன். "சலா!" என்று மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. கடைசி விதை விழுந்த குழியைத்தான் அள்ள வேண்டுமாம். என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, விதைகளைப் பிடுங்கி, பழைய குழியில் போட்டுக் காட்டினாள். சலா என்றால் தப்பு என்பதை வேறு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படம் எதுவும் எடுக்கவில்லை. கை நிறைய விதை இருந்தது.

உங்கள் மகளுக்குப் பல்லாங்குழி தெரியுமா? இந்த ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுங்கள். நம்மூர் முறையிலேயே சொல்லிக்கொடுங்கள், அங்கே திருத்திக்கொள்வார்கள்.

நான் மூன்று ஆட்டமும் தோற்றேன். மழை விட்டு எழுந்தபோது அவள் "லாகி" என்றாள். அதற்குள் குழிக்கு ஏழாக விதைகளை நிரப்பத் தொடங்கியிருந்தாள், என் பக்கத்துக்கும் சேர்த்து.