வானொலிக்குப் போக விரும்பும் மகள்: கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கேட்ட ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த தங்கள் மகள் பொறியியல் வேண்டாம், வானொலிதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பதையும், அதில் நிலையான வருமானம் வருமா என்று தாங்கள் தூக்கமின்றித் தவிப்பதையும் கடிதத்தில் படித்தேன். கவலை நியாயமானதே. ஆனால் எந்தப் படிப்பு என்று தேடுவதற்கு முன்பாக, எப்படிப்பட்ட நிலையத்தில் அவள் தொழில் பழகப் போகிறாள் என்பதைத் தாங்கள் பார்க்க வேண்டும். நிகழ்ச்சிகளை முடிவு செய்பவர் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறாரா, வேறு நகரத்திலிருந்து உத்தரவு அனுப்புகிறாரா என்பதைப் பொறுத்தே அவளுடைய தொடக்க ஆண்டுகள் அமையும் என்பது என் திடமான எண்ணம்.

தனியார் பண்பலை உரிமங்கள் நகரவாரியாக ஏலம் விடப்பட்டாலும், அவற்றில் பெரும்பாலானவை பல நகரங்களில் நிலையம் வைத்திருக்கும் குழுமங்களிடமே உள்ளன. இத்துறையில் அந்நிய முதலீட்டுக்கான உச்சவரம்பும் 2015ஆம் ஆண்டில் 26 சதவீதத்திலிருந்து 49 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பெரிய குழுமத்தில் சம்பளமும் பெயரும் கிடைக்கும், மறுக்கவில்லை. எனினும் ஓரிடத்தில் தயாரித்த நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்கும் ஒலிபரப்பும் வழக்கம் பரவும்போது, மற்ற ஊர்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் புதியவர்களுக்கான இடம் சுருங்குகிறது. 'உங்கள் ஊர் வானொலி' என்று விளம்பரப் பலகையில் எழுதுவது எளிது. ஊரைப் பற்றித் தினமும் பேசுவதற்கு ஊரில் ஆள் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறக்கிறார்கள் என்ற தகவலை எவரும் வாசித்துவிடலாம். மொத்த ஆயக்கட்டு, அதாவது அதனால் பாசனம் பெறும் நிலம், 2,07,000 ஏக்கர். அதில் ஒரு போகத்துக்குப் பாதியான 1,03,500 ஏக்கருக்குத்தான் முறை வரும். ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயிக்குத் தெரிய வேண்டியது, இம்முறை ஒற்றைப்படை எண் கொண்ட மதகுகளுக்கா, இரட்டைப்படை எண் கொண்ட மதகுகளுக்கா என்பதே. ஈரோட்டு மஞ்சள் விலையும் அப்படித்தான். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் போன விலையும் தனியார் மண்டியில் போன விலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரிந்த குரலைத்தான் இங்குள்ளவர்கள் நம்புவார்கள். தங்கள் மகள் வாய்க்கால் கரையில் வளர்ந்தவள். பிறர் ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டியதை அவள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறாள். தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது, ஆகாசவாணிச் செய்தியை எடுத்து ஒலிபரப்பத்தான் அனுமதி உண்டு என்றாலும், வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்சாரம், தேர்வு, கல்லூரிச் சேர்க்கை போன்ற உள்ளூர்த் தகவல்களுக்குத் தடையில்லை. அவள் வேரூன்ற வேண்டிய இடம் இதுதான்.

வானொலி மீதான நாட்டம் நம் பகுதிக்குப் புதியதும் அன்று. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று 1941ஆம் ஆண்டில் அறிவித்தவர் கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு.

பயிற்சிக்கு, கல்வி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் உள்ளூர் மக்களுக்காக நடத்தும் சமூக வானொலியை முதலில் பரிந்துரைப்பேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பி.எஸ்.ஜி. கல்விக் குழுமம், பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி ஆகியவை நம் பகுதியில் அத்தகைய நிலையங்களை நடத்தியிருக்கின்றன. கல்லூரி சேர்வதற்கு முன் நேரில் சென்று, மாணவர்களின் கையில் மைக்கைத் தருகிறார்களா என்று பாருங்கள். இலாப நோக்கமற்ற இந்நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியை உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பேட்டி எடுப்பது, ஒலியைத் தொகுப்பது, கடைக்காரரிடம் விளம்பரம் கேட்பது எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய நேரும். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே ஊதியம் குறைவு. ஆகாசவாணியின் தற்காலிக அறிவிப்பாளர் பணியும் குரல் தேர்வில் தேறியவர்களுக்குப் பணி நாள் கணக்கில் ஊதியம் தருவதே தவிர நிரந்தர வேலை ஆகாது.

உள்ளூர் உரிமையாளர் என்பதாலேயே ஒரு நிலையம் சிறந்ததாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தம் கடை விளம்பரத்துக்காக மட்டும் நிலையம் நடத்துபவரிடம் அவள் எதையும் கற்கமாட்டாள்.

எனவே ஊடகவியல் பட்டப்படிப்போடு ஒலித்தொகுப்பையும் கணக்கு வழக்கையும் அவள் சேர்த்துப் படிக்கட்டும்; வானொலியில் இடம் கிடைக்கத் தாமதமானாலும் விளம்பரக் குரல், ஒலிநூல், பாட்காஸ்ட் ஆகியவற்றில் சம்பாதிக்க அது உதவும். சில மாதங்களில் ஆர்.ஜே. (வானொலித் தொகுப்பாளர்) ஆக்குகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் தனியார் பயிற்சி மையங்களுக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் வரும்போது, கடைமடை விவசாயிகள் இருவரிடமும் மதகு பார்க்கும் பணியாளர் ஒருவரிடமும் கைப்பேசியிலேயே பேட்டி எடுத்து, ஐந்து நிமிட நிகழ்ச்சியாகத் தொகுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு எந்தக் கல்லூரி என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.