கண் மூடிய படத்தை அழிக்கலாமா? குடும்பப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கும்பகோணத்தில் 27 ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் நான். இப்போது கடை இல்லை, கண் மட்டும் இருக்கிறது. வீட்டில் எடுக்கும் சாதாரணப் படங்களின் தரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேமரா வாங்க யோசனை கேட்டவர்கள் மன்னிக்கவும், கையில் இருக்கும் போனே போதும்.

ஐயா, ஆறு மாதமாகப் புகைப்படக் கலை பற்றிப் படித்து வருகிறேன். அதன் பிறகு நான் எடுத்த எதுவும் எனக்கே பிடிப்பதில்லை. மகள் பிறந்தநாளில் 400 படம் எடுத்து, 11 மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அன்றிரவே அழித்துவிட்டேன். வீட்டுக்காரர் திட்டுகிறார். எனக்கு என்ன ஆயிற்று? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்)

ஒன்றும் ஆகவில்லை அம்மா. சங்கீதம் கற்கத் தொடங்கியவருக்கு முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பஜனை காதைக் குடையும். கை தேறுவதற்கு முன்பே கண் தேறிவிடுகிறது, அவ்வளவுதான். எனக்கும் வந்தது. தங்கையின் வளைகாப்பில் ஒவ்வொரு வளையலுக்கும் "அப்படியே இருங்கள்" என்று கையைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்தேன். பிரிண்ட் வந்ததும் அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் ஒருத்தர்கூட நம் வீட்டு ஆள் மாதிரி இல்லையே" என்றாள். எல்லாப் படமும் கூர்மை, ஒளியும் சரி. அம்மா சொன்னதும் சரி.

400-இல் 11 தேறுவது நல்ல கணக்குதான். பிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம், சாமர்த்தியமாக மாட்டினால் 37. நீங்கள் ஒரு மாலையில் எடுத்தது 11 ரோலுக்கு மேல்! உங்கள் தவறு பொறுக்கியதில் இல்லை, அன்றிரவே பொறுக்கியதில் இருக்கிறது. அன்றைக்குக் கண்ணில் நிற்பது கேக் மேசைக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மகளின் முகம்தான் தெரியும். ஒரே மாதிரி அடுத்தடுத்து விழுந்தவற்றை உடனே அழியுங்கள், மற்றவை கிடக்கட்டும். படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் பொறுக்காதீர்கள்.

கண் மூடியது, ஆடியது, தலை வெட்டுப்பட்டது, இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? (திருச்சி)

ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன். ஜாக் ஆன்ரி லார்த்திக் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், 1894-இல் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோதே அப்பா கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார். அண்ணன், அத்தை பிள்ளைகள், படிக்கட்டிலிருந்து குதிக்கும் பெண்கள், கடற்கரை என்று வீட்டுக் கூத்தையெல்லாம் எடுத்து ஆல்பத்தில் ஒட்டினார். கிட்டத்தட்ட எழுபது வயதில், 1963-இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. அவருடைய புகழ்பெற்ற பந்தயக் கார் படத்தில் காரின் முன்பாதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. சக்கரம் முட்டை வடிவில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்பவர்கள் மறுபக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் கேமராவின் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை, படம் பதியும் தகட்டின் மேல் ஒரு கீற்றாக நகர்ந்து போகும். அது நகரும் நேரத்தில் இவர் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பியதால் வந்த கோணல் அது. என் கடையில் வேலை கற்ற பையன் அப்படி எடுத்து வந்திருந்தால் நான் திட்டியிருப்பேன்.

அதற்காக ஆடிய படமெல்லாம் லார்த்திக் ஆகிவிடாது. என் வழக்கம் இதுதான்: படத்தில் இருப்பவருக்கு நம்மிடம் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று பார்ப்பேன். இரண்டு வயதுப் பேரனுக்கு ஆயிரம் இருக்கும், கண் மூடியது போகட்டும். கேமராவைக் கண்டாலே அடுக்களைக்குள் போய்விடும் பெரியம்மாவுக்கு மூன்றுதான் இருக்கும். அவர் கண் மூடியிருந்தாலும் இருக்கட்டும்.

வீட்டுப் படங்களில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரே தரம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? (சென்னை)

முகத்தின் அளவு. ஃபோகஸ், நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் சொல்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கடைக் கதவைத் தட்டுவார்கள். வீட்டில் பெரியவர் போய்விட்டார், மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் வேண்டும். கையில் ஒரு கல்யாண குரூப் போட்டோ இருக்கும். நாற்பது பேரில் மூன்றாவது வரிசையில் நிற்பவரைக் காட்டி "இவர்தான்" என்பார்கள். நாலுக்கு ஆறு அங்குலப் பிரிண்டில் அந்த முகம் ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். 600 டிபிஐ-இல், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தாலும் குறுக்கே 118 புள்ளிகள்தான் கிடைக்கும். அதை ஐந்து அங்குல முகமாகப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 24 புள்ளிகூட வராது. மீசையும் நெற்றியும் நிழலாகத்தான் நிற்கும். எண்பது வருடம் வாழ்ந்த மனிதருக்கு அதுதான் கடைசிப் படம். சட்டையையும் கோட்டையும் வேறு யாருடையதிலிருந்தோ எடுத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ஆகவே பெரியவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தனியாக, பக்கத்தில் போய், மார்புக்கு மேல் வரும்படி எடுத்து வையுங்கள். எதற்கு என்று சொல்ல வேண்டாம்.

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஆகாது என்கிறார் மாமியார். (விழுப்புரம்)

கடையில் ஒரு பொம்மையை வைத்திருந்தேன். மூவராக வந்தால் அதை நாலாவதாக ஒருவர் கையில் கொடுத்துவிடுவேன். மாமியாரோடு வாதாடுவதைவிட அது சுலபம்.

வீட்டுக்குள் எடுத்தால் மஞ்சளாகவும் கலங்கலாகவும் வருகிறது. சில நேரம் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. போனை மாற்ற வேண்டுமா? (மதுரை)

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். என்னிடம் காட்டிய போன்களில் பாதிக்கு நோய் விரல் எண்ணெய்தான். பழைய வேட்டித் துணி போதும்.

அடுத்தது ஒளி. நம் கண் இருட்டுக்கும் மஞ்சளுக்கும் தானாகப் பழகிக்கொள்கிறது, அதனால் கூடத்தில் வெளிச்சம் போதும் என்று நினைக்கிறோம். கேமராவுக்கு அது போதாது. போதாத ஒளியை ஈடுகட்ட ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும், அதற்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடும். ஓடியாடும் பிள்ளைக்கு ஷட்டர் நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் மூடிவிட வேண்டும். ராத்திரி டியூப் லைட்டில் அது நடக்காது. ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்கார வைப்பதற்கும் மூன்று மீட்டர் தள்ளி உட்கார வைப்பதற்கும் ஒளி பல மடங்கு வேறுபடும். எனவே பாயை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். அப்போதுதான் கன்னத்துக்கு ஒரு வளைவு கிடைக்கும். விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் முகத்தில் ஒரு பாதி நீலமும் மறுபாதி மஞ்சளுமாக விழும். திண்ணை உள்ள வீடு என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. மாலை நாலு மணித் திண்ணை வெளிச்சத்துக்கு ஈடாக நான் வாங்கிய எந்த விளக்கும் இருந்ததில்லை.

பட்டைகள் மின்சாரத்தால் வருபவை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கேமராவில் ஷட்டர் வேகத்தை மாற்ற முடிந்தால் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள், பட்டை போய்விடும். போனை மாற்ற வேண்டாம்.

பக்கத்தில் போய் எடுத்தால் எல்லோருக்கும் மூக்கு பெருத்துவிடுகிறது. (நாகர்கோவில்)

போனின் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. முகம் நிறைய வேண்டும் என்று அதை ஒட்டிப் போகிறீர்கள். அரை மீட்டரில் மூக்குக்கும் காதுக்கும் உள்ள தூர வித்தியாசம் பெரிதாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 2 என்று இருக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

என் மகள் மாநிறம். போன் அவளை வெளுப்பாகக் காட்டுகிறது. அதே போனில், வெள்ளைவேட்டிக் கூட்டத்தில் அவள் அப்பாவை எடுத்தால் முகம் கரியாக வருகிறது. எது நிஜம்? (வேலூர்)

இரண்டும் இல்லை. முதலாவது அழகுபடுத்தும் வசதி. அமைப்புகளில் தேடி அதை அணைத்துவிடுங்கள். இரண்டாவது ஒளி அளக்கும் முறை. காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது கேமராவின் சுபாவம். படம் முழுக்க வெள்ளை வேட்டி என்றால் அது பயந்துபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகம் பலியாகும். திரையில் முகத்தைத் தொட்டு, கொஞ்சம் ஒளியை ஏற்றுங்கள். வேட்டி வெளுத்துப் போனால் போகட்டும்.

வெளுப்பாக்கும் வேலையைப் போன் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்திலேயே நெகட்டிவின் மேல் பென்சிலால் தேய்த்து முகத்தைச் சிவப்பாக்கிக் கொடுத்தோம். பெண் பார்க்கும் படம் என்றால் கேட்காமலே செய்வோம். மாப்பிள்ளை வீட்டார் நேரில் பார்த்துவிட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பிய கதையும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு அதில் நேர்ந்த அவமானத்தில் பென்சில் பிடித்தவனுக்கும் பங்கு உண்டு. உங்கள் மகள் விஷயத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கறாராக இருங்கள்.

வாட்ஸ்அப்பில் அக்கா அனுப்பிய கல்யாணப் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கலங்கிவிட்டன. (ஈரோடு)

சாதாரணமாக அனுப்பினால் 4000 புள்ளி நீளமுள்ள படம் ஏறத்தாழ 1600-க்குச் சுருங்கிவிடும். நாலுக்கு ஆறு அங்குலத்தில் நல்ல பிரிண்ட் எடுக்க 1800-க்கு 1200 வேண்டும், அதற்கே கொஞ்சம் குறைவு. ஏ4 அளவுக்கு நினைத்துப் பார்க்க வேண்டாம். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வரும். 2023-இல் வந்த எச்டி வசதி பரவாயில்லை ரகம். அக்கா மூலப் படத்தை அழிப்பதற்குள் கேட்டுவிடுங்கள்.

1980-களில் எடுத்த கலர் படங்கள் சிவந்துவிட்டன. பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படமோ கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. செயலியில் போட்டால் புதிதாக்கித் தருகிறது. செய்யலாமா? (தஞ்சாவூர்)

அந்தக் காலக் கலர் தாளில் மூன்று சாயங்கள். அவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் வெளிறிவிடும், மிச்சம் சிவப்பாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. ஒழுங்காகக் கழுவிய படம் நூறு ஆண்டு நிற்கும். நெகட்டிவ் இருக்கிறதா என்று பீரோவின் அடித்தட்டில் தேடுங்கள். அதிலிருந்து ஸ்கேன் செய்தால் பிரிண்டில் இல்லாததெல்லாம் கிடைக்கும். பசைத் தாள் ஆல்பத்தில் இருப்பவற்றை, சுலபமாக வந்தால் மட்டும், வெளியே எடுத்துவிடுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டியதை இழுக்கவே கூடாது. பாட்டியின் முகம் கண்ணாடியில் போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, பக்கவாட்டு வெளிச்சத்தில், பளபளப்பு விழாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலி பழுது பார்ப்பதில்லை, கற்பனை செய்கிறது. தெரியாத கண்ணுக்குத் தெரிந்த கண் ஒன்றை வரைந்துவிடும். ஒரு வாடிக்கையாளர் அப்படிச் செய்த படத்தைக் கொண்டு வந்தார். பூ ஜடை போட்டுப் பின்னால் கண்ணாடி வைத்து எடுத்த அந்தக் காலப் படம். முன்னால் இருந்த முகம் பளிச்சென்று இருந்தது. கண்ணாடியில் ஜடை இருந்த இடத்தில் இன்னொரு முகம் முளைத்திருந்தது! கீறலை நீக்குங்கள், நிறத்தைச் சரி செய்யுங்கள், முகத்தில் கை வைக்காதீர்கள். மூல ஸ்கேனைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

மனைவி படம் எடுத்து முடிப்பதற்குள் இட்லி ஆறிவிடுகிறது. கேமராவைக் கண்டாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஏதாவது சொல்லுங்கள் ஐயா. (சேலத்திலிருந்து ஒரு கணவர்)

தம்பி, உங்கள் வீட்டு ஆல்பத்தில் உங்கள் மனைவி எத்தனை படத்தில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அவர் கையிலிருந்து போனை வாங்கி நீங்கள் எடுங்கள். இட்லி சூடாகவும் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த குடும்பப் படம் எது? (பெயர் சொல்ல விரும்பாதவர்)

1997-இல் என் ஆறு வயது மகள் என் கேமராவை எடுத்துச் சுட்டது. நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்கிறோம். சட்டம் சாய்ந்திருக்கிறது, என் நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை. ஃபோகஸ் பின்னால் இருக்கும் புளி ஜாடியில் விழுந்திருக்கிறது. அம்மா எதற்கோ வாய் திறந்து சிரிக்கிறாள். ரோலைக் கழுவியபோது அதற்குப் பிரிண்ட் போட மறுத்துவிட்டேன். அம்மா போன பிறகு 2009-இல் நெகட்டிவைத் தேடி எடுத்துப் போட்டேன். ஐந்துக்கு ஏழு அளவில்தான் வைத்திருக்கிறேன். எட்டுக்குப் பத்து போட்டால் அம்மா முகத்தில் கலங்கல் தெரிந்துவிடுகிறது.