ஒரே இலக்கம், மூன்று விலை: எந்தப் புல்வெட்டும் இயந்திரம்?

கல்கிசையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டின் முன்னாலும் பக்கவாட்டிலுமாகச் சுமார் 10 பேர்ச் சமதளப் புற்றரை இருக்கிறது. அறுபத்தெட்டு வயதுத் தந்தையார்தான் அதை வெட்டுகிறார். அவருக்கு வலது தோளில் வலி. ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா, பாவித்த ஹொண்டா எச்ஆர்எக்ஸ் 217 ஒன்றை வீட்டுச் சாமான்களோடு கப்பலில் அனுப்பச் சம்மதித்திருக்கிறார். ஆனால் அங்கே விற்பனைக்கு இருப்பவற்றில் சிலவற்றின் இலக்கத்துக்குப் பின்னால் விகே என்றும், சிலவற்றில் எச்வை என்றும், சிலவற்றில் எச்இசட் என்றும் எழுதியிருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்க, விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எதை வாங்கச் சொல்வது என்பது அவருடைய கேள்வி.

மூன்றும் ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை. மூன்றுக்கும் வெட்டும் அகலம் 21 அங்குலம், அதாவது ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர். அண்மைக்கால மாடல்கள் அனைத்திலும் 201 சிசி கொண்ட ஜிசிவி 200 இயந்திரமே பூட்டப்பட்டிருக்கிறது. வெட்டலகுகளை மூடியிருக்கும் அடிக்கூடு மூன்றிலும் தகரமல்ல, தடித்த பிளாஸ்ரிக். ஆகவே கல்கிசைக் கடற்காற்றில் அடிக்கூடு துருப்பிடித்துப் பொத்தல் விழுமோ என்ற கவலை மூன்றிலுமே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, இதைவிட மலிவான, தகர அடிக்கூடு கொண்ட எச்ஆர்என் வரிசையைக் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வெட்டுகிற தரத்திலும் மூன்றுக்கும் இடையில் வேறுபாடு கிடையாது. வேறுபாடு முழுவதும் மூன்று இடங்களில்தான் இருக்கிறது: இயந்திரத்தை முன்னே நகர்த்தும் முறை, கைப்பிடியை விட்டதும் எது நிற்கிறது என்பது, இயக்கத் தொடங்கும் முறை.

நகர்த்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விகேயில் கைப்பிடியிலுள்ள நெம்பைப் பெருவிரலால் அழுத்தும் அளவுக்கு வேகம் கூடும். எச்வை, எச்இசட் இரண்டிலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கியர்ப்பெட்டி இருக்கிறது. வேகத்தை ஒருமுறை வைத்துவிட்டால் அதிலேயே சீராகப் போகும். ஏற்ற இறக்கமான பெரிய நிலத்துக்கு அது அருமையான வசதி. உங்கள் நிலத்துக்கோ கணக்கு வேறு. 10 பேர்ச் என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு வரி மற்றதன்மேல் சற்றுப் படிய வெட்டினால் ஒரு நடைக்குப் பயனாகும் அகலம் 45 சென்ரிமீற்றர் என்று கொள்ளலாம். மொத்த நடை 560 மீற்றர் அளவில் வரும். நிதானமாக நடந்தாலும் பதினைந்து நிமிடத்துக்குள் முடிகிற வேலை. இதில் வேகத்தைச் சீராக வைத்திருப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. மேலும் அந்த எண்ணெய்க் கியர்ப்பெட்டி மூடி முத்திரையிட்ட பொருள். பழுதானால் பெரும்பாலும் திருத்த முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு அதைத் தேடுவது இலகுவல்ல.

கைப்பிடியை விடும்போது நடப்பதுதான் உங்கள் தந்தையாருக்கு முக்கியம். வட அமெரிக்கச் சந்தைக்கான நடைப் புல்வெட்டிகளில், கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து கையை எடுத்த 3 செக்கனுக்குள் வெட்டலகு நின்றுவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. விகே இதை நேரடியாகச் செய்கிறது: இயந்திரத்தையே நிறுத்திவிடுகிறது. எச்வையிலும் எச்இசட்டிலும் ரொட்டோ ஸ்ரொப் என்ற கிளச் இருக்கிறது. கையை எடுத்தால் வெட்டலகு மட்டும் நிற்கும், இயந்திரம் தொடர்ந்து ஓடும்.

கடையில் நின்று பார்க்கும்போது இது சிறிய விடயமாகத் தெரியும். ஆனால் கொழும்பின் வைகாசி, ஐப்பசி மழையை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டு முற்றங்களில் பரவலாக இருக்கும் அகன்ற இலைப் புல் அந்த நாட்களில் கிழமைக்கு ஒருமுறை வெட்டினாலும் அடங்காது; ஈரத்தோடு வெட்டுப்பட்ட புல் கனமாகத் திரண்டு, நான்கைந்து வரி போவதற்குள் பையை நிரப்பிவிடும். ஒவ்வொரு முறை பையைக் கழற்றும்போதும், பாதையில் கிடக்கும் தென்னம் மட்டையைத் தூக்கிப் போடும்போதும், விகே நின்றுவிடும். மறுபடியும் கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு தடவை புல் வெட்டி முடிப்பதற்குள் வலிக்கிற தோளால் பல தடவை இழுப்பது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டோ ஸ்ரொப் இருந்தால் தொடக்கத்தில் ஒரு தடவை இழுத்தால் போதும்.

இதிலிருந்தே எச்இசட்டைப் பற்றிய விடையும் கிடைத்துவிடுகிறது. எச்வைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, சாவியைத் திருப்பி மின்கலத்தால் இயக்கத் தொடங்கும் வசதி மட்டுமே. கயிறு இழுப்பது ஒரே தடவையாகிவிட்ட பிறகு, அதற்காக மேலதிகப் பணமும், நம் வெப்பத்தில் சீக்கிரம் தளர்ந்துபோகும் ஒரு மின்கலத்தின் பராமரிப்பும் தேவையா? தந்தையாரால் அந்த ஒரு தடவைகூட இழுக்க முடியாது என்றால் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத நான்காவது மாடல் ஒன்றும் உண்டு: விவை. விகேயின் எளிய நகர்த்தும் முறையும் ரொட்டோ ஸ்ரொப் கிளச்சும் சேர்ந்தது அது. நல்ல நிலையில் கிடைத்தால் அதையே முதலில் எடுக்கச் சொல்லுவேன், கிடைக்காவிட்டால் எச்வை. விலை மிக மலிவு என்பதற்காக விகேயை எடுக்க வேண்டாம்.

ஹொண்டா நிறுவனம் 2023ஆம் ஆண்டு செப்ரெம்பரோடு அமெரிக்கச் சந்தைக்கான பெற்றோல் புல்வெட்டிகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே இனி வருவதெல்லாம் வயதான இயந்திரங்கள்தாம். எந்த மாடல் என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பது சில வேளை பெரிதாகிவிடும். அக்காவை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே இயக்கிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த இயந்திரம் எப்படித் தொடங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓடும்போது கைப்பிடி கை விறைக்கும் அளவுக்கு அதிர்ந்தால், வெட்டலகு கல்லிலோ மரவேரிலோ மோதி, நடுத்தண்டு வளைந்திருக்கக்கூடும். அதைத் திருத்துவது வீண் செலவு. கட்டுப்பாட்டுத் தண்டை விட்டதும் வெட்டலகு உடனே நிற்கிறதா, இயந்திரம் தடுமாறாமல் ஓடுகிறதா என்று இரண்டு மூன்று தடவை சோதிக்க வேண்டும், ஏனெனில் நீங்கள் கூடுதல் பணம் கொடுப்பதே அந்தக் கிளச்சுக்காகத்தான். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, காற்று வடிகட்டி மேற்பக்கமாக வரும்படி சரித்து அடிக்கூட்டில் வெடிப்பு உண்டா என்று பார்க்கலாம். மற்றப் பக்கமாகச் சரித்தால் இயந்திர எண்ணெய் வடிகட்டிக்குள் இறங்கிவிடும்.

பிளக்கும் எண்ணெயும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். வெட்டலகு அப்படியல்ல. இந்த வரிசையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அலகுகள் சேர்ந்து புல்லைப் பொடியாக்குகின்றன. பட்டறையில் அடித்துக் கொடுக்கும் நேரான தகடு அதற்கு ஈடாகாது, சமநிலை தவறினால் நடுத்தண்டையும் கெடுத்துவிடும். எனவே ஒரு சோடி அலகு, நகர்த்தும் பெல்ட், கிளச் கேபிள், காற்று வடிகட்டி ஆகியவற்றை அக்கா அங்கேயே வாங்கி ஒரே பெட்டியில் வைத்துவிடட்டும். அனுப்புமுன் பெற்றோலையும் எண்ணெயையும் முழுதாக வடித்துவிட வேண்டும். பாவித்த இயந்திரத்துக்கு இங்கே என்ன சுங்க வரி வரும் என்பதைக் கப்பல் முகவரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகை இயந்திரத்தின் விலையை எட்டினால் இந்த யோசனையையே கைவிடலாம்.

இங்கே வந்தபின் ஒக்டேன் 92 பெற்றோலே போதும். வெட்டும் உயரத்தை நான்கைந்து சென்ரிமீற்றருக்குக் கீழே இறக்க வேண்டாம். மழை நாட்களில் புல்லைப் பையில் சேருங்கள். தை, மாசி வெயிலில், புல் பைக்குப் போவதா நிலத்தில் விழுவதா என்று மாற்றும் நெம்பை மறுபக்கம் தள்ளி, பொடியாக்கிய புல்லை நிலத்திலேயே விட்டால் அதுவே உரம். இரண்டு மூன்று கிழமை பாவிக்காமல் வைப்பதாக இருந்தால், எரிபொருள் வால்வை மூடி, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் காபரேற்றரைக் காலியாக்கிய பிறகு கராஜுக்குள் தள்ளுங்கள்.