தையல் வகுப்பில் ஜெபம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சனிக்கிழமை மதியம் தெருப் பெண்களுக்குக் காசு வாங்காமல் தையல் சொல்லித் தருகிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். “ஆண்டவர் கொடுத்த தாலந்தைச் சுவிசேஷத்துக்குப் பயன்படுத்து. ஆரம்பத்தில் ஜெபம் பண்ணு, முடியும்போது சுவிசேஷக் கைப்பிரதி கொடு” என்று சபைப் பெண்கள் சங்கத்தில் சொன்னார்கள். அப்படியே செய்தேன். அதிலிருந்து எதிர்வீட்டு அக்கா வருவதில்லை. அவர் வெட்டிவைத்த துணி என்னிடமே கிடக்கிறது. சொல்லாமல் இருந்தால் ஆண்டவரை மறுதலிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. சொன்னால் தூண்டில் போடுகிற மாதிரி இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

வாசகி, லிங்கராஜபுரம்

அன்புள்ள சகோதரி,

வகுப்பைத் தொடர்ந்து நடத்துங்கள். ஜெபத்தையும் கைப்பிரதியையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நீங்கள் காசு வாங்குவதில்லை. அதனால் அந்தப் பெண்கள் ஏற்கெனவே உங்களுக்குக் கடமைப்பட்டவர்களாக உணர்கிறார்கள். ஜெபம் தொடங்கும்போது பிடிக்காதவர் எழுந்து போக முடியாது, வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரிந்த ஒரே வழி, வராமல் இருப்பது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

இதைச் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமைதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை இல்லை என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பரிசு, பணம், வேலை காட்டி மாற்றுவதைக் குற்றமாக்கி 2022-ல் கர்நாடகத்தில் தனிச் சட்டமே வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டங்கள் எதுவுமே இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு வருத்தத்தோடு கேட்டார். அவர்களுக்குக் கொடுத்த சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஆண்டவர் கொடுத்த விதம் அது. நாமும் அப்படித்தான் கொடுக்க வேண்டும்.

ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த யோப்பா பட்டணத்துத் தொற்காளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்போஸ்தலர் 9-ஐ இன்னொரு தடவை நிதானமாக வாசியுங்கள். அந்த அம்மாள் பேசிய ஒரு வார்த்தைகூட அங்கே எழுதப்படவில்லை. அவர் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது, அவர் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான். பவுலும் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு சேர்ந்து கூடாரம் செய்தார். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். பேச்சைக் கேட்க வந்தவர்கள், பேச்சைக் கேட்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே வந்தார்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பிளவுஸுக்குக் கழுத்து வெட்டக் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

நீங்கள் நாகர்கோவில் பக்கம் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1820-களில் அங்கே மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கையில் சொந்தக் காசு பார்த்திராத பெண்கள் அதில் சம்பாதித்தார்கள். உங்கள் ஊசிக்கும் அந்த ஊசிக்கும் உறவு உண்டு, அதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனெரி அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. கிறிஸ்தவர்களானதால் குலத்தொழிலை இழந்தவர்களுக்கு அங்கே பிழைப்பு கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் வேலையும் விசுவாசமும் ஒரே கையிலிருந்து வரும்போது, எதற்காக வந்தார்கள் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. வந்தவருடைய உண்மையான விசுவாசத்தின் மேலும் அந்தச் சந்தேகம் விழுகிறது. உங்கள் தெருப் பெண்களுக்கு அப்படி ஒரு நிலை வர வேண்டாம்.

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? திறக்க வேண்டும். உங்களுக்குள் இருக்கிற நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருங்கள் என்கிறார் பேதுரு. கேட்பார்கள். ஏன் காசு வாங்குவதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஏன் தைப்பதில்லை, மாமியார் படுக்கையில் கிடந்தபோது எப்படித் தாங்கினாய் என்று ஏதாவது ஒரு நாள் ஒருத்தி கேட்பாள். அன்று மழுப்பாதீர்கள். இயேசு உங்களுக்கு என்ன செய்தார் என்பதை உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள், பிரசங்கத் தமிழ் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி அழுதால், “உனக்காக ஜெபம் பண்ணட்டுமா?” என்று கேளுங்கள். சரி என்றால் அங்கேயே இரண்டு வரி ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் ஜெபித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள்.

தையலிலும் சாட்சி இருக்கிறது. நம் சபைகளில் இதைப் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம். மிஞ்சின துணியைத் திருப்பிக் கொடுப்பது, பிறகு பிரித்துவிட வசதியாக உள்ளே துணி விட்டுத் தைப்பது, அளவு பிளவுஸைப் பத்திரமாகத் திருப்பித் தருவது, சொன்ன தேதியில் கொடுப்பது. வரமகாலட்சுமி விரதத்துக்கு முன்னால் பெங்களூரில் எந்த டெய்லர் வீட்டிலும் துணி மலைபோலக் கிடக்கும். அந்த வெள்ளிக்கிழமைக்குள் பக்கத்துவீட்டுப் பெண்ணின் பிளவுஸ் ஊக்கு வைத்து அவள் கைக்குப் போய்விட வேண்டும். அது அவளுடைய பண்டிகை. அவளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அவளும் பார்க்கட்டும்.

வருகிறவர்களில் யாராவது ஜெபிக்க விரும்பினால் வேறொரு நாள், வேறொரு நேரம் வையுங்கள். வராதவர்களுக்கும் வகுப்பில் அதே கவனம் கிடைக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்காவிடம் இந்த வாரமே போங்கள். வெட்டிய துணியையும் எடுத்துக்கொண்டு போங்கள். “அக்கா, உங்களைக் கேட்காமல் வகுப்பில் ஜெபம் பண்ணியது தப்பு, இனி அங்கே தையல் மட்டும்தான்” என்று நேராகச் சொல்லுங்கள். மறுபடி வருவாரா என்பது அவர் விருப்பம். வராவிட்டால் அந்தப் பிளவுஸை நீங்களே தைத்துக் கொடுத்துவிடுங்கள், கூலி வேண்டாம். சங்கத்தில் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.